குருவிப் பெட்டிக்குக் குருவி ஏன் வரவில்லை? நெல்லையில் பிள்ளைகளோடு பறவை பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர்கள் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பறவை பார்க்கக் கூட்டிப் போக ஆசை. வழிகாட்டி வேண்டுமா, எந்த இடம், எந்த மாதம்? கூடவே இன்னொன்று: போன வருஷம் மொட்டைமாடியில் மாட்டிய குருவிப் பெட்டியை இன்றுவரை ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை, ஏன்?

பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். பறவை எதைப் பார்த்து ஓர் இடத்தில் கூடு வைக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், எங்கே போய் நின்று பார்ப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

மொட்டைமாடி என்றதுமே எனக்குச் சந்தேகம் வருகிறது. மேற்குச் சுவரில் மாட்டியிருந்தால் குருவி வராமல் போனதே நல்லது. சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணி வெயில் நேராக விழும் பெட்டிக்குள் குஞ்சு வெந்துவிடும். தகரம், பிளாஸ்டிக் என்றால் இன்னும் மோசம். பெட்டியை இறக்கி, சன்ஷேடுக்கு அடியிலோ தாழ்வாரத்திலோ, கிழக்கு அல்லது வடக்கு பார்த்து, ஒன்பது பத்தடி உயரத்தில் மாட்டுங்கள். பூனை தாவிப் பிடிக்கிற மாதிரி பக்கத்தில் கைப்பிடிச் சுவர், ஏணி, மரக்கிளை எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே மின்விசிறி ஓடுகிற அறையின் ஜன்னலுக்கு மேலே வேண்டவே வேண்டாம். குருவி உள்ளே நுழைந்து விசிறியில் அடிபடும்.

அடுத்தது துளை. கடையில் அழகுக்காக விற்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் துளை பெரிசு. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். 40-ஐத் தாண்டினால் மைனா பார்க்க வரும், அணில் குடியேறும். தச்சரிடம் சொல்லிச் செய்வதானால் அளவு இதுதான்: ஒன்றரை சென்டிமீட்டர் கனப் பலகை. உள்தரை 12-க்கு 12 சென்டிமீட்டர். முன்பலகை 20 உயரம், பின்பக்கம் 24, கூரை முன்னால் சரிந்து நான்கு சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். துளையின் நடு, தரையிலிருந்து 14 அல்லது 15 சென்டிமீட்டர் மேலே. துளை தாழ்ந்து இருந்தால் காக்கை அலகை விட்டுக் குஞ்சை எடுத்துவிடும். முன்பலகையின் உட்பக்கத்தில் உளியால் குறுக்கே நாலைந்து கீறல் போடச் சொல்லுங்கள். குஞ்சு அதைப் பற்றித்தான் ஏறி வெளியே வரும். வழவழப்பாக இழைத்த பலகையில் கால் வழுக்கும். தரையில் நான்கு சிறு துளை ஈரம் இறங்க, பக்கப் பலகைகளின் மேல்விளிம்பில் இரண்டிரண்டு துளை காற்றுக்கு. கூரையை ஆணியடித்து மூடிவிடாமல் கொக்கி வையுங்கள், பின்னால் சுத்தம் செய்யத் திறக்க வேண்டும். துளைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். குருவிக்கு அது தேவையில்லை. காக்கைக்கும் அணிலுக்கும்தான் அது படிக்கட்டு. உள்ளே பெயின்ட், வார்னிஷ் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வராமல் போகலாம். காரணம், சிட்டுக்குருவி கூட்டத்தோடு வாழ்கிற பறவை. உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஏற்கெனவே குருவி இல்லை என்றால், பெட்டி மட்டும் அதை வரவழைக்காது. முதலில் காலை ஏழு மணிக்குப் பக்கத்து மளிகைக் கடை, அரிசிக் கடை, பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி வாருங்கள். கடை ஷட்டருக்கு மேலுள்ள இடுக்கு, பெயர்ப்பலகையின் பின்பக்கம், மீட்டர் பெட்டி, ஓட்டு வீட்டின் சுவர்முட்டு, இங்கெல்லாம் வைக்கோல் துணுக்கு தொங்கினால் கூடு இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மூன்று நான்கு பெட்டிகளை ஒன்றுக்கொன்று ஓர் ஆள் நீள இடைவெளி விட்டு மாட்டினால் வாய்ப்பு உண்டு. அந்தக் கடை அண்ணாச்சியே ஒரு பெட்டி மாட்டச் சம்மதித்தால், அதுதான் முதலில் நிறையும்.

தீனி விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கே: பெரிய குருவிக்குத் தானியம் போதும், கம்பும் நொய்யும் சாப்பிட்டுக்கொள்ளும். ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஊட்ட முடியும். மண்ணே தெரியாமல் சிமென்ட் பூசிய வளாகத்தில் கம்பு கொட்டிக் கிடந்தாலும் குஞ்சு பிழைக்காது. மருதாணி, செம்பருத்தி, கொத்தமல்லிப் பாத்தி, கொஞ்சம் புல், இவற்றில் மருந்தடிக்காமல் விட்டாலே போதும். செல்போன் கோபுரத்தின் மேல் பழி போடுவது எளிது, ஆனால் கதிர்வீச்சால்தான் குருவி போனது என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. ஓடும் ஓலையும் போய்க் கான்கிரீட் வந்ததில் இடுக்கும் போனது, பூச்சியும் போனது. நாம் சரிசெய்யக் கூடியது அந்த இரண்டும்தான்.

குருவி வந்துவிட்டால் மூன்றிலிருந்து ஐந்து முட்டை, அடைகாக்க இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு, அதன் பின் குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம். இந்த ஒரு மாதமும் பெட்டியைத் திறக்காதீர்கள். குஞ்சுகள் போன பிறகு பழைய கூட்டை எடுத்துப் போட்டு, பெட்டியை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, அதே இடத்தில் மாட்டுங்கள். உண்ணியும் பேனும் அதோடு போகும்.

இப்போது தெருவுக்கு வருவோம். பிள்ளைகளைக் கூட்டிப் போக முதல் இடம் சரணாலயம் இல்லை, உங்கள் தெருதான். தேன்சிட்டு துணிக்கொடியிலோ தொங்கும் ஒயரிலோ சிலந்தி நூலால் பை மாதிரி கூடு கட்டும். கூட்டு வாசலுக்கு மேல் சிறு இறவாணம் நீட்டியிருக்கும், வெளியே பட்டைத்துணுக்கும் குப்பையும் ஒட்டியிருப்பதால் பார்த்தவர் ஒட்டடை என்று அடித்துவிடுவார்கள். ஊதாப்பிட்டு தேன்சிட்டு இரண்டு முட்டைதான் இடும். அந்தக் கொடியை ஒரு மாதம் விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது. தையல்சிட்டு இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டுப் பஞ்சையோ சிலந்தி நூலையோ நுழைக்கும். முடிச்செல்லாம் போடுவதில்லை. நூலின் நுனி வெளிப்பக்கம் பிசிர் விரிந்து குமிழ் மாதிரி நின்று பிடித்துக்கொள்கிறது. உதிர்ந்து விழுந்த பழைய கூடு கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுத்து அந்தக் குமிழைக் காட்டுங்கள். தவிட்டுப்புறா பூந்தொட்டியிலும் ஏசி பெட்டியின் மேலும் பத்துப் பன்னிரண்டு குச்சியைப் போட்டுவிட்டு அதைக் கூடு என்று உட்காரும். அதற்கும் இரண்டு முட்டைதான்.

பங்குனியிலிருந்து ஆடி வரை காக்கைக் கூட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. ஆண் கத்திக் காக்கையை விரட்ட வைக்கிற நேரத்தில் பெண் போய் முட்டையிடுவதைப் பொறுமையிருந்தால் பார்க்கலாம். குயில் முட்டை 12, 13 நாளில் பொரிந்துவிடும், காக்கை முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். முந்திப் பிறந்த குஞ்சு முதலில் வாய் திறக்கிறது, முதல் தீனி அதற்கு. பறக்கிற பருவத்தில் காக்கைக்குப் பின்னாலேயே போய்க் கெஞ்சிக் கத்தும் குயில் குஞ்சைத் தெருவிலேயே பார்த்துவிடலாம்.

உழவாரனுக்கு (ஸ்விஃப்ட்) தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் நம்மூரில் தினமும் தலைக்கு மேல் பறந்தும் யாரும் பெயர் கேட்காத பறவை அது. கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான் (ஸ்வாலோ), கம்பியில் உட்காரவே உட்காராது என்றால் உழவாரன். பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதி போதும். அதன் நான்கு விரலும் சுவரைப் பற்றித் தொங்குவதற்கே அமைந்தவை, கிளையில் நிற்க ஆகாது. நாட்டு உழவாரன் பாலத்தின் அடிப்பக்கம், மண்டபத்தின் விதானம், பழைய கட்டடத்தின் வளைவு ஆகியவற்றில், பறக்கும்போதே பிடித்த இறகையும் துரும்பையும் எச்சிலால் ஒட்டிக் கூட்டமாகக் கூடு வைக்கும். பனை உழவாரன் பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி ஒரு சிறு தட்டு மாதிரி செய்து, முட்டையையும் அதிலேயே ஒட்டிவிடுகிறது. ஓலை காற்றில் எத்தனை ஆடினாலும் முட்டை விழாது. காய்ந்த ஓலை பனையிலேயே தொங்க வேண்டும் என்பதுதான் அதன் ஒரே தேவை. மனைப்பிரிவுக்காகப் பனையை வெட்டும்போது இந்தக் குடும்பமும் போகிறது. தலை போன மொட்டைப்பனையையும் பயனில்லை என்று சாய்க்காதீர்கள். அதன் பொந்தில்தான் பச்சைக்கிளியும் பனங்காடையும் குஞ்சு பொரிக்கின்றன.

கோயில் கோபுரங்களும் அப்படித்தான். கிளி, மைனா, மாடப்புறா, புள்ளி ஆந்தை, கூகை எல்லாம் சுதைக்கு இடையிலுள்ள பொந்துகளை நம்பியிருக்கின்றன. திருப்பணிக்குச் சாரம் கட்டி, புறாவைத் தடுக்க வலை அடிக்கும்போது உள்ளே குஞ்சு மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிற தவறு. வலைக்கு முந்தைய இரண்டு மாலைகள் இருட்டும் வரை கீழே நின்று எந்தப் பொந்துக்குள் இரையோடு பறவை போகிறது என்று குறித்துக் கொடுத்தால், ஸ்தபதியாரிடம் சொல்லி அந்தப் பக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கூகை முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் ஒரே கூட்டில் பெரியதும் சிறியதுமாகக் குஞ்சுகள் இருக்கும். ஒன்று பறந்துவிட்டது என்று பொந்தை அடைத்துவிடக் கூடாது. காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதாகவே கருதப்படும் என்பதையும் திருப்பணிக் கமிட்டியில் ஒருமுறை சொல்லி வையுங்கள். வீட்டில் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் குற்றம்தான்.

கூடு பார்ப்பதில் ஒரு முறை உண்டு. தையல்சிட்டின் செடிக்கு எதிரே நீங்கள் நிற்பதை ஆன்டெனா மேல் ஒரு காக்கை கவனித்துக்கொண்டிருக்கும். நீங்கள் நகர்ந்ததும் அது இறங்கிப் போய்த் தேடும். அதனால் பதினைந்தடிக்குக் கிட்டே போகாமல், இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காமல், வந்த வழியே திரும்பாமல் கடந்து போய்விட வேண்டும். தாய் அலகில் புழுவை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் தாவித் தாவி நிற்கிறதா? நீங்கள் நிற்கும் இடம் தப்பு, பின்னால் வாருங்கள். படத்துக்காக இலையை ஒதுக்குவது, ஃபிளாஷ் அடிப்பது, செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது மூன்றும் கூடாது. குரலைப் போட்டால் எதிரி வந்துவிட்டான் என்று அடையை விட்டு எழுந்துவிடும்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், தெருவுக்கு வேண்டாம், குளத்துக்கு வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பிள்ளைக்கு மேல் தாங்காது. பத்துப் பேர் என்றால் கூட இன்னொரு பெரியவர் அவசியம். நல்ல வழிகாட்டியை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். பறவை தெரிந்ததும் பெயரைச் சொல்லிவிடாமல், “குருவியைவிடப் பெரிசா? மைனா அளவா, காக்கை அளவா? அலகு எப்படி? வாலை என்ன செய்கிறது?” என்று பிள்ளைகளைப் பேச வைப்பவர் நல்லவர். எத்தனை வகை பார்த்தோம் என்று எண்ணிக்கையையே பேசுகிறவரும், நல்ல படம் கிடைக்கும் என்று கூட்டுமரத்துக்கு அடியில் கூட்டிப் போகிறவரும் வேண்டாம்.

தொலைநோக்கியில் 8x42 என்று எழுதியிருப்பது நம் வேலைக்குச் சரி. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்குக்கு ஆசைப்பட்டால் பிள்ளைகள் கையில் படம் ஆடும். சின்னப் பிள்ளைக்கு 8x32 கனம் குறைவு. வாங்கியும் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் மூலையில் போடக் காரணம், அதைத் தங்கள் கண்ணுக்குச் சரிசெய்யாததுதான். இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் வரை நடுவில் மடக்குங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, முப்பதடி தள்ளி ஒரு கடைப்பலகை எழுத்தை இடது கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். இனி நடுச் சக்கரத்தைத் தொடாமல், இடதை மூடி, வலது கண்பக்கத்தில் உள்ள வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் கோட்டை நினைவில் வையுங்கள், அது உங்கள் கண்ணின் கோடு. கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் குவளையை உள்ளே திருகிவிட வேண்டும். பறவையைத் தேடும்போது முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குத் தூக்குங்கள்.

குளத்துக்குப் போகிற நேரம் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சௌகரியம் தருகிறது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது, ஆகவே பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால், பறவையின் நிறம் அப்படியே தெரியும். அதே கரையில் மாலை நின்றால் எல்லாம் நிழலுருவம். ஆறேகாலுக்குக் கரையில் இருந்து எட்டரைக்குக் கிளம்பிவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் தண்ணீரிலிருந்து அனல் அலையாடத் தொடங்கினால் எந்தத் தொலைநோக்கியிலும் அலகு தெரியாது.

நெல்லை டவுனிலேயே நயினார்குளம் இருக்கிறது. பிள்ளைகள் நீர்ப்பறவைக்குக் கண் பழக ஒரு காலை அங்கே போதும். நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மடையான் இவற்றைப் பிரித்தறிய வந்துவிட்டால் அடுத்த குளத்தில் தடுமாற மாட்டார்கள். தண்ணீரில் மிதக்கும் அமலைச் செடி மூடிய பகுதியை வெறும் பச்சை என்று விட்டுவிடாமல் மெதுவாகப் பாருங்கள். இலைக்கோழி அதன்மேல்தான் நடக்கும். ஆற்றுப் பறவைக்குத் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறை நல்லது.

மாதம் என்றால், வலசை வாத்துகளுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை. கூட்டுக்குத் தை முதல் வைகாசி வரை. இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டுமானால் தை, மாசி. வயலில் பிசானப் பருவ நெல் நிற்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும். மழை பொய்த்த வருஷம் இந்தக் கணக்கு சரிவராது, போகுமுன் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூந்தன்குளம் நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஒரு மணி நேரப் பயணம். கூந்தன்குளம், காடன்குளம் இரண்டும் சேர்ந்து 1994-இல் சரணாலயமானது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு 2022-இல் வந்தது. அங்கே பார்க்க வேண்டிய அதிசயம் குளத்தைவிட ஊர்தான். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு வைத்திருக்கும். கீழே பாத்திரம் துலக்குகிறார்கள், மாடு கட்டியிருக்கிறது, மேலே குஞ்சு கத்துகிறது. ஊர்க்காரர்கள் வெடி வெடிக்காமல் காக்கிறார்கள், எச்சம் கலந்த மண் வயலுக்கு உரமாகிறது. விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்ததற்காகவே அறியப்பட்டவர் அவ்வூர் பால்பாண்டி. அந்தப் பறவைகள் வீட்டு மனிதர்களின் நடமாட்டத்துக்குப் பழகியவை, கூச்சல் போடும் பத்துப் பேர் கூட்டத்துக்குப் பழகியவை அல்ல. “அக்கா, முற்றத்தில் ஓரமா நின்னு பார்த்துக்கலாமா?” என்று கேட்டு, மரத்துக்கு நேர் கீழே போகாமல் தள்ளி நில்லுங்கள். நாரை கழுத்தை நீட்டி எழுந்து நின்றால் அது எச்சரிக்கை. மதிய வெயிலில் தாய் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நிற்கும். அந்நேரம் கலைத்துவிட்டால் இறகு முளைக்காத குஞ்சுக்குப் பத்து நிமிடமே அதிகம்.

கூட்டமும் வாகனமும் பிடிக்காதவர்களுக்குத் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் கூடும் இடத்தில் நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மரங்கள், மொத்தம் 2.84 ஹெக்டேர்தான். 2005-இல் நாட்டின் முதல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, கேட்டதும் ஊர் மக்கள்தான். மருதமும் இலுப்பையும் நிற்கும் அந்தத் தோப்பில் நாரை, கொக்கு, பழந்தின்னி வவ்வால் எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

பிள்ளைகளோடு போனால் விழுந்த குஞ்சு ஒன்று கட்டாயம் கண்ணில் படும். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது. பூனை, நாய் வராத செடிக்குள் விட்டு நகர்ந்துவிடுங்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. வாயில் தண்ணீர் சொட்டுவிடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாலும் சோறும் வேண்டாம். தரையில் கிடக்கும் உழவாரன் காயமில்லாமல் இருந்தால், திறந்த வெளியில் உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். தூக்கி எறிய வேண்டாம், சிறகு நடுங்கி அதுவாகவே போகும்.

பார்த்ததைத் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், எண்ணிக்கையோடு நோட்டில் எழுத வையுங்கள். பெரிய கூட்டத்தை எண்ண முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டே மிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படிப் பழகியவர்கள் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டு வாசலிலிருந்தே சேர்ந்து பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதியலாம். மணிமுத்தாறில் உள்ள, ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் தை மாதத்தையொட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்களோடு எண்ணி வருகிறது. அதில் ஒரு குழுவோடு ஒரு நாள் போனால், வழிகாட்டி பற்றிக் கேட்டீர்களே, அவர்களும் அங்கேயே கிடைத்துவிடுவார்கள்.